வாயிற்காவலனை விலைபேசுவோர்

வழங்கிக் கணினி ஒன்றின் கன்சோல் பழுதானால் அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்பது, கணக்குப் பிரிவும் கணினிப் பிரிவும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய அற்பச் செலவு என்றே நம் வட்டார நிறுவனங்கள் கருதுகின்றன. இலக்கிய அன்பர்களோ அந்த அளவுக்குக்கூட அதைக் கருதுவதில்லை. இவ்விரு மனப்போக்கையும் மறுக்கவே இதை எழுதுகிறோம். மறுப்பு சற்றுக் கடுமையாக இருக்கும். இதன் பின்னால் சிலருடைய மாதக் கூலி இருக்கிறது.

சொல்லிலிருந்து தொடங்குவோம். கன்சோல் என்பதைப் 'பணியகம்' என்று எழுதுவோர் உண்டு. கேட்பவர் காதில் அது அலுவலகம் என்றே விழுகிறது. 'முனையம்' என்பாரும் உண்டு; அது எல்லாத் திரைக்கும் பொதுப்பெயர். ரயில் முன்பதிவுச் சாளரத்தின் பின்னால் பணியாளர் தட்டிக்கொண்டிருந்த கறுப்புத் திரையும் முனையந்தான். ஒரு நிறுவனத்தில் இருநூறு முனையங்கள் இருக்கலாம். கன்சோலாக அமைவது அவற்றுள் ஒன்று. மற்றவை யாவும் இயந்திரம் எழுந்து, முகம் கழுவி, கடை திறந்த பிறகு வரும் வாடிக்கையாளர்கள். கன்சோல் ஒன்றுதான் அது கண்விழிக்கும்போதே பக்கத்தில் இருப்பது. அது நோயுற்றுப் படுத்திருக்கும்போதும் அதனிடம் பேச வல்லது. எனவே இங்கே அதைத் 'தலைமுனையம்' என்று குறிப்போம். இதைவிட நல்ல சொல்லை எவரேனும் தந்தால் மகிழ்ந்து ஏற்போம்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எத்தனையோ ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறோம். மாணவர் மனத்தில் கண்ணகி நிற்பாள், பாண்டியன் நிற்பான். இருவருக்கும் இடையில் நின்ற வாயிற்காவலனைப் பற்றி எவரும் கேள்வி கேட்டதில்லை. அவன் வழக்கறிந்தவனல்லன், தீர்ப்பு வழங்கும் உரிமையும் அவனுக்கில்லை. கடைவாயிலில் வந்து நிற்பவள் யார், எத்தகைய தோற்றத்தில் நிற்கிறாள் என்று அஞ்சியபடியே உள்ளே போய்ச் சொன்னான். அவன் வாயடைத்துப்போயிருந்தால் வழக்கு அவையேறியிராது. தலைமுனையத்தின் வேலையும் இவ்வளவுதான். உள்ளே நடப்பதை வெளியே சொல்வது, வெளியிலிருந்து வரும் ஆணையை உள்ளே சேர்ப்பது. இவ்வளவுதான் என்பதால் அது எளிதில் ஏமாறக்கூடிய கொள்முதலாகிவிடுகிறது.

நாம் பேசும் இயந்திரம் நடுத்தர வணிக வழங்கி. மெயின்ஃபிரேம் என்னும் மாமலையும் அன்று, மேசைக் கணினியும் அன்று. ஐபிஎம் நிறுவனம் 1988 ஜூன் 21 அன்று அறிவித்த ஏஎஸ்/400 இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது: 2000இல் ஐசீரிஸ், 2006இல் சிஸ்டம் ஐ, 2008 முதல் பவர் வரிசை இயந்திரங்களில் ஓடும் 'ஐபிஎம் ஐ' இயங்குதளம். அன்று எழுதிய நிரல்கள் பெரும்பாலும் இன்றும் ஓடுகின்றன என்பது இதன் பெருமை. ஓடிக்கொண்டே இருப்பதால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது இதன் சாபம். ஆலைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் குளிரூட்டிய சிற்றறையொன்றில் ஊதியப் பட்டியலையும் இருப்புக் கணக்கையும் சுமந்தபடி இது கிடக்கும். அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே சில இடங்களில் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

அதன் பழைய தலைமுனையம் 5250 என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பம் 1977இல் சிஸ்டம்/34 என்ற முன்னோடி இயந்திரத்தோடு பிறந்தது. பச்சை எழுத்து, 24 வரி, வரிக்கு 80 எழுத்து. வழங்கியிலிருந்து ட்வினாக்ஸ் என்னும் தடித்த இரட்டைக்கம்பி வடம் வரும். ஒரு தடத்தில் ஏழு கருவிகள் வரை கோக்கலாம்; தடம் 5000 அடி வரை நீளலாம். தலைமுனையத்துக்குரிய வழக்கமான இடம் முதல் தடத்தின் பூச்சிய முகவரி. அந்தப் பெட்டிக்குத் தனி இயங்குதளம் கிடையாது, மென்பொருள் புதுப்பிப்பு கிடையாது, உறக்கநிலை கிடையாது. விசையைப் போட்டால் திரை வரும். அதில் தமிழ் வராது என்பது நமக்குள்ள ஒரே குறை. ஆங்கிலமும் அழகாக வராது என்பதால் மன்னித்துவிடலாம்.

பின்னர் அந்த இடத்தை மேசைக் கணினிகள் பிடித்தன. முதலில் தொடர்வடம் ஒன்றால் வழங்கியோடு நேரே இணைத்தார்கள். அடுத்து லேன் தலைமுனையம், அதாவது ஈதர்நெட் வலை வழியாகப் பேசும் கணினி, வந்தது. பவர்5 காலத்தோடு எச்எம்சி எனப்படும் வன்பொருள் மேலாண்மைக் கன்சோல் வந்தது. அது லினக்ஸில் ஓடும் தனிக் கணினி. வசதிகள் பெருகின, இடையில் கெடக்கூடிய பொருள்களும் கூடவே பெருகின. பழைய பெட்டியில் கெட்டால் திரை கெடும், இல்லையேல் வடம் கெடும். புதியதில் வட்டு, இயங்குதளம், இணைப்பு மென்பொருளின் பதிப்பு, வலை முகவரி, சுவிட்சு, தீச்சுவர், கடவுச்சொல் என்று ஒரு குடும்பமே நலமாக இருந்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் நாம் தெரிந்துகொள்ள நேர்ந்தது ஆர்வத்தால் அன்று. புள்ளலூரிலிருந்து காஞ்சிபுரம் வந்து படித்த மாணவி ஒருவர் ஒரு பருவத்தில் தேர்வுக் கட்டணத்தை உரிய நாளில் செலுத்தவில்லை. தந்தைக்கு ஆலையில் சம்பளம் வரவில்லை என்றார். ஏன் என்றோம். "சிஸ்டம் டவுனாம் சார்" என்றார். பேருந்தில் ஏறி விடியற்காலை முறைக்கு ஓடுகிற மனிதருக்கு அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களே முழு விளக்கமாகத் தரப்பட்டிருந்தன. அந்த ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லா ஆலையும் அதுவாக இருக்கலாம். அதன் கணினிப் பிரிவில் நம்மிடம் முன்பு படித்தவர் ஒருவர் இருந்தார். நடந்ததை அவரிடம் கேட்டறிந்தோம்.

வழங்கி படுக்கவே இல்லை. அதன் வட்டுகளுள் ஒன்று பழுதானது. அது எங்கும் நிகழ்வதே. ஒன்று போனாலும் தரவு போகாதபடி மற்ற வட்டுகள் காத்தன. புது வட்டைச் சேர்த்துச் சீர்செய்வதற்காக இயந்திரத்தை நிறுத்திக் கைமுறையில் எழுப்பினார்கள். இதற்கு ஐபிஎல் என்று பெயர், மட்டைப்பந்தோடு தொடர்பில்லை. கைமுறையில் எழும் வழங்கி முதலில் தன் தலைமுனையத்தைத் தேடும். அது கிடைத்தால்தான் பராமரிப்புக் கருவிகளின் திரையைக் காட்டும். தலைமுனையமாக வைத்திருந்த மேசைக் கணினி அன்று எழவில்லை. வழங்கியின் முகப்பிலுள்ள சிறு சாளரத்தில் ஏ600 5008 என்னும் குறி மட்டும் நின்றது. என் தலைமுனையத்தைக் காணவில்லை என்பதே அதன் பொருள். வாயிற்காவலனைத் தேடும் அரசன்!

கடைத்தெருவில் புதுக்கணினி வாங்கிவந்தனர். அதிலிருந்த விண்டோஸ் 10இல் பழைய இணைப்பு மென்பொருள் ஒழுங்காக ஏறவில்லை. ஏறாது, அந்த விண்டோஸுக்கு ஐபிஎம் அம்மென்பொருளை ஆதரிக்கவே இல்லை. 2019 ஏப்ரலோடு அம்மென்பொருளுக்கான ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. பிறகு விண்டோஸ் 7 ஏற்றிய பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்தனர். அடுத்த தடை கடவுச்சொல். லேன் தலைமுனையத்தின் பழைய பதிப்புகளில் முனையத்துக்கென்று ஒரு கருவி அடையாளம் உண்டு. அதன் கடவுச்சொல்லை வழங்கியும் முனையமும் ஒவ்வோர் இணைப்பின்போதும் தமக்குள் மாற்றிக்கொள்ளும். செத்த கணினியோடு அக்கடவுச்சொல்லும் செத்திருந்தது. முகப்புப் பொத்தான்களில் அதற்குரிய எண்வரிசையை அழுத்தி அடையாளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் அதை அறிந்தவர் அங்கே இல்லை. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சேர்வதற்குள் ஒன்பது நாள் கழிந்தது. அந்த ஒன்பது நாளும் ஊதியப் பட்டியல் உள்ளேயே, ஒரு புள்ளிகூடச் சிதையாமல் இருந்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் அந்த ஆலையில் எழுந்த விவாதத்தைக் கேட்டபோதுதான் எழுதியே தீர்வது என்று முடிவு செய்தோம். மூன்று கட்சிகள் இருந்தனவாம். எந்த நிறுவனத்திலும் இம்மூன்றே இருக்கும் என்று எண்ணுகிறோம்.

சிக்கனக் கட்சி முதலாவது. தலைமுனையம் என்பது வெறும் திரைதானே, ஏதாவதொரு பழைய கணினியைப் போட்டால் போதாதா என்பது அதன் வாதம். கணக்குப் பிரிவு கழித்துக்கட்டிய கணினி, சேமக்கிடங்கில் தூசி தின்ற கணினி, வரவேற்பறைப் பெண்மணி புதிது கேட்டதால் மிஞ்சிய கணினி ஆகியவை இக்கட்சியின் வேட்பாளர்கள். இவர்களிடம் ஒன்று கேட்கிறோம். முழுச் சேமிப்பு எடுக்கும் இரவில் என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்ததுண்டா? வழங்கியின் முழுமையையும் நாடாவில் எழுத வேண்டுமானால் எல்லாத் துணை அமைப்புகளையும் நிறுத்த வேண்டும். இருநூறு முனையங்களும் அணைந்துவிடும். எஞ்சுவது தலைமுனையம் ஒன்றே. சில மணி நேரம் அந்த ஒற்றை இழையில் முழு நிறுவனமும் தொங்குகிறது. அந்நேரத்தில் உங்கள் இலவசக் கணினி இருபது நிமிடம் எவரும் தொடவில்லை என்று உறங்கப் போகும்; இல்லையேல் புதுப்பிப்பு வந்தது என்று தானே மறுபடி எழும். உறங்கும் காவலனை மலிவாகக் கிடைத்தான் என்று வைத்துக்கொள்வது சிக்கனம் ஆகுமா?

இரண்டாவது விற்பனைக் கட்சி. தலைமுனையம் கெட்டதென்றால் வழங்கியே பழையது, மொத்தத்தையும் மாற்றுங்கள் என்று கழுத்துப்பட்டை அணிந்து வந்து சொல்வார்கள். மாற்ற வேண்டிய இயந்திரங்கள் உண்டு, மறுக்கவில்லை. உதிரிப்பாகமே கிடைக்காத நிலை வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் கதவுக் கீல் துருப்பிடித்ததற்கு வீட்டை இடிக்கச் சொல்பவரைக் கொத்தனார் என்று எவரும் அழைப்பதில்லை. இக்கட்சியின் மென்மையான பிரிவினர் எச்எம்சி வாங்கச் சொல்வார்கள். ஒரே இயந்திரத்தைப் பல பிரிவுகளாக்கி ஓட்டுபவர்களுக்கும், பல இயந்திரங்களை ஒரே இடத்திலிருந்து மேய்ப்பவர்களுக்கும் அது இன்றியமையாத கருவி. அங்கே நாமும் அதற்கே வாக்களிப்போம்; முடிந்தால் இரண்டாகவே வாங்கச் சொல்வோம். ஆனால் ஒரே பிரிவாக ஓடும் ஒற்றைச் சிறு வழங்கிக்கு அதை வற்புறுத்துவது ஆட்டுக்குட்டியை மேய்க்க யானைப்பாகனை அமர்த்துவது போன்றது. எச்எம்சியும் ஒரு கணினியே. அதற்கும் வட்டு உண்டு, அதற்கும் சேமிப்பு எடுக்க வேண்டும். அதன் மென்பொருள் பதிப்பு வழங்கியின் உள்நிரல் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும். இவை விலைப்பட்டியலில் எழுதப்படுவதில்லை.

மூன்றாவது கட்சி, எல்லாவற்றையும் மேகத்துக்கு அனுப்பிவிடலாம் என்னும் நவீனர் கட்சி. அவர்களிடம் இறுதியில் வருவோம்.

நம்பகமான மாற்று எது என்று முடிவு செய்ய நமக்கு வழிகாட்டக்கூடியது தொலைவில் இல்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து ஆணை இரண்டு, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, வெட்டப்பட்டுள்ளன. குடவோலை முறை என்று பள்ளிப் பிள்ளையும் அறியும். எனினும் அக்கல்வெட்டில் நம்மை ஈர்ப்பது குடமும் ஓலையும் அல்ல. கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது என்று தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, யார் வரக்கூடாது என்பதை அது விரிவாகச் சொல்கிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவன் உறவினரும் வரக்கூடாது. நல்லவனைத் தேடுவதைவிடக் கெடுக்கக்கூடியவனை விலக்குவது எளிது, உறுதியானது என்று அந்தச் சபையார் அறிந்திருந்தனர். ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து அதே மாவட்டத்தில் நாம் சிறப்பம்சப் பட்டியல் பார்த்துப் பொருள் வாங்குகிறோம்.

அந்த முறையிலேயே விலக்கத் தொடங்குவோம். வேறு வேலைக்குப் பயன்படும் கணினி தலைமுனையமாகத் தகுதியற்றது. அதில் கடிதம் தட்டச்சுவதும் இணையம் பார்ப்பதும் கூடா. தானே உறங்கும், தானே எழும் இயல்பை நீக்க முடியாத கணினி தகுதியற்றது. வழங்கியோடு ஒரே மின்காப்பில் இணையாதது தகுதியற்றது. மின்வெட்டில் வழங்கி விழித்திருக்க, காவலன் மட்டும் மயங்கி விழுவதால் என்ன பயன்? வழங்கியில் ஓடும் இயங்குதள வெளியீட்டுக்கு ஒத்த இணைப்பு மென்பொருள் எது என்று எழுத்தில் உறுதி தராத விற்பனையாளர், விலை எவ்வளவு குறைவாயினும், தகுதியற்றவர். இப்போதைய வெளியீடுகளுக்கு ஐபிஎம் தரும் அக்சஸ் கிளையன்ட் சொல்யூஷன்ஸ் என்னும் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட விண்டோஸின் ஆயுளோடு நம் ஆயுளை முடிச்சுப் போட வேண்டியதில்லை. பழைய வெளியீட்டில் நிற்பவர்களுக்கோ அந்த நல்வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. அவர்கள் பழைய கணினியையே, அது ஓடும் நிலையில் இருக்கும்போதே, வட்டோடு படியெடுத்து இரண்டாக வைத்திருக்க வேண்டும். ட்வினாக்ஸ் தடம் இன்னும் உயிரோடுள்ள மிகப் பழைய இயந்திரமா? தயங்காமல் பழைய 5250 முனையம் இரண்டை வாங்குங்கள். விசைப்பலகையும் சேர்த்து வாங்குங்கள். அதன் விசைகள் வேறு, கடையில் கிடைக்கும் விசைப்பலகை அதற்குப் பொருந்தாது. பழைய பொருள் என்று முகம் சுளிப்பவரிடம், அது காக்கும் இயந்திரத்தின் வயதைக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தகுதியின்மை ஒன்று உண்டு. வழங்கியின் அன்றாட வலையையே நம்பி நிற்கும் தலைமுனையம், மற்ற எல்லாச் சிறப்பும் உடையதாயினும், விலக்கத்தக்கது. இதை விளக்கப் புள்ளலூருக்கே போக வேண்டும்.

1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் புள்ளலூரில் முறியடித்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அது ஓவியமாகவே நிற்கிறது. அன்று சர் ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சியில் இருந்தார். பீரங்கி ஒலி காதில் விழும் தொலைவு. படையும் பீரங்கியும் அவரிடம் இருந்தன. நம்பத்தக்க செய்திதான் இல்லை. பெய்லிக்குத் துணையாக அவர் முன்னரே அனுப்பிய ஃப்ளெட்சர், வழிகாட்டிகள்மீது ஐயம் கொண்டு அவர்கள் காட்டிய வழியை விட்டு இரவில் சுற்றிப் போனதால் உயிரோடு போய்ச் சேர்ந்தார். மன்றோ மறுநாள் காலை புறப்பட்டு வழிகாட்டிகளின் பின்னால் நடந்தார். தோல்வியை அவருக்கு உறுதிப்படுத்தியது எதிர்ப்பட்ட காயம்பட்ட சிப்பாயின் வாய்மொழி. பிறகு கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். அவ்வழிகாட்டிகள் ஹைதரிடம் கூலி பெற்றவர்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். தோற்ற தளபதிக்கு வழிகாட்டிமேல் பழிபோடுவது வசதியானதுதான். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் ஃப்ளெட்சரின் ஐயம் வீண்போகவில்லை.

பொது வலையில் கோத்த லேன் தலைமுனையம் மன்றோவின் வழிகாட்டியே. அலுவலக வலை நலமாக இருக்கும் நாளில் அது ஒழுங்காக வழி சொல்லும். அந்நாளில் அதன் வழி நமக்குத் தேவையில்லை. வலை கெட்ட நாளில்தான் அது தேவைப்படும். அன்று அதுவும் கெட்டதன் பக்கம் நிற்கும். ஆகவே வழங்கியில் தலைமுனையத்துக்கென்று தனி ஈதர்நெட் அட்டை, அதற்கென்று சிறு சுவிட்சு, வேறெதனோடும் சேராத வடம், வழங்கி இருக்கும் அறையிலேயே முனையம் என்று அமைக்க வேண்டும். சுவிட்சின் விலை ஒரு நல்ல மதிய விருந்துக்கு ஆகும் தொகை. இரண்டு முனையங்கள், இரண்டுக்கும் வெவ்வேறு கருவி அடையாளங்கள். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வைக்கலாம். தாள் உறங்கப் போவதில்லை. மாதச் சேமிப்பை ஒரு மாதம் முதல் முனையத்திலிருந்தும் மறுமாதம் இரண்டாவதிலிருந்தும் எடுத்தால் இரண்டும் உயிரோடிருப்பது தானே தெரிந்துவிடும். தனியே ஒத்திகை என்று நாள் குறித்தால் அந்நாள் தள்ளிப்போகும் என்பதை நாமெல்லாம் அறிவோம்.

இத்தகைய பழைய இயந்திரங்களைத் தாங்க நம்மிடம் ஆளில்லை என்னும் புலம்பலை நாம் ஏற்கவில்லை. 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பங்குவரம்புக்கு உடன்படாமல் ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற இயந்திரங்கள் அநாதையாகிவிடவில்லை. 1975இல் அரசு நிறுவியிருந்த சிஎம்சி என்னும் கணினிப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் அவற்றைத் தொடர்ந்து ஓட்டிக்காட்டினர். உற்பத்தியாளரே ஊரில் இல்லாத நிலையில் செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 1992இல், ஐபிஎம் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பிவந்தது. சிஎம்சி 2001இல் டாட்டாவிடம் போய், 2015இல் டிசிஎஸ்ஸில் கரைந்தது. அந்தத் தலைமுறையின் கைத்திறனை எவரும் விரிவாக எழுதிவைக்கவில்லை என்பது நமக்கு வருத்தம். அரசியல்வாதியின் மாலை நேரப் பேச்சுக்குக்கூட மலர் போடுகிறோம். நள்ளிரவில் திருப்புளியோடு நின்றவருக்கு ஒரு பத்திகூட இல்லை. இலக்கியப் பக்கங்களில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் மறுமொழி இதுவே. மனிதர் உழைப்பும் கூலியும் எங்கே சிக்கிக்கொள்கின்றனவோ அவ்விடத்துக்குத் தமிழ் போகாவிட்டால், 'சிஸ்டம் டவுன்' என்ற இரண்டு சொற்களே அங்கே தமிழாக நிற்கும். புள்ளலூர்த் தொழிலாளி தன் பணம் எங்கே தடைப்பட்டது என்று தன் மொழியில் கேட்டால், தலைமுனையம் கெட்டது, மாற்று வைத்திருக்கவில்லை என்று மேலாளர் விடைசொல்லியாக வேண்டும். விடை சொல்லவேண்டிய நிலை வந்தால் மாற்றும் வந்துவிடும்.

இனி மேகக் கட்சி. ஐயா, மேகத்திலும் இயந்திரமே இருக்கிறது. வேறொருவர் கட்டடத்தில் இருக்கிறது. அமேசான் தன் ஈசி2 சேவையை 2006இல் தொடங்கியது. பதினைந்தாண்டு கழித்து 2021 மார்ச்சில் அதற்கு ஒரு தொடர்வடக் கன்சோலை, நாம் மேலே சொன்ன அந்தப் பழங்காலத்துப் பொருளின் மெய்நிகர் வடிவத்தை, சேர்த்துக்கொடுத்தது. வலை கெட்டுப்போனால் வாடிக்கையாளர் தம் இயந்திரத்திடம் பேச வேறு வழி இல்லாதிருந்ததே காரணம். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோனது. பராமரிப்பின்போது இட்ட ஆணையொன்று அதன் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அந்த வலையையே நம்பியிருந்தன. அவசரத்துக்கென்று இருந்த தனிவழியும் அன்று உதவவில்லை. பொறியாளர்களை நேரே தரவு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளே நுழைவதற்கே நேரம் பிடித்தது. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களுள் ஒன்றுக்கு நேர்ந்த இக்கதியை, மேகத்துக்குப் போய்விட்டால் தலைமுனையத்தைப் பற்றிக் கவலையில்லை என்னும் நண்பர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

அந்த ஆலையில் இறுதியாக என்ன முடிவாயிற்று என்று கேட்டோம். மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்ததை ஏற்றுப் புதுக்கணினி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். வழங்கி அறையில் இடமில்லையென்று அதைக் கணக்குப் பிரிவில் ஒருவர் மேசைமீது வைத்து, அலுவலகப் பொது வலையில் இணைத்திருக்கிறார்கள். அவர் பகலில் அதில் விலைச்சீட்டுகளும் தட்டச்சு செய்கிறார். இரண்டாவது முனையத்துக்கான கோப்பு மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.